சோறு ஏன் இனிக்கிறது? – ஒரு பெயரின் வரலாறு



செரிமானம் பற்றிய பாடத்தை நடத்தும்போது வழக்கமாக ஒரு சிறு சோதனை செய்வேன். குழம்பு ஊற்றாத வெறுஞ்சோற்றை ஒரு கவளம் வாயிலிட்டு, விழுங்காமல் 2 நிமிடம் மெல்லுமாறு மாணவர்களிடம் கூறுவேன். சிறிது நேரத்தில் அவர்களின் முகம் மாறும். “இனிக்கிறது ஐயா!” என்பார்கள். உடனே நான், “உமிழ்நீரில் உள்ள நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகிறது” என்று வெண்பலகையில் எழுதுவேன். பாடம் முடிந்துவிடும்.

இம்முறை ஒரு மாணவன் எழுந்து, “நொதி என்றால் என்ன ஐயா?” என்று கேட்டான். “மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் பொருள்” என்றேன். “மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுவது எது?” என்றான். “நொதி” என்றேன். அவன் சற்று யோசித்துவிட்டு ஒன்றும் பேசாமல் அமர்ந்துகொண்டான்.

அவன் மௌனம் என்னை உறுத்தியது. நான் சொன்ன இரண்டு விடைகளும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வட்டமிட்டன. ஒரு பெயரைச் சொல்லிவிட்டு அதையே விளக்கம் என்று நம்பச் செய்துவிட்டேன். அதன்பின் இந்தப் பெயரின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்தபோது சிறிது ஆறுதலும் கிடைத்தது. நான் சிக்கிய அதே வட்டத்தில் அறிவியல் உலகமும் நெடுங்காலம் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. பெயர் கிடைத்தது 1833ஆம் ஆண்டில். அப்பொருளின் உருவம் தெளிந்ததோ 1980களில். அந்த 150 ஆண்டுகளின் கதையே இக்கட்டுரை.

அமிலமும் அயோடினும்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெப்போலியனின் போர்களால் ஐரோப்பாவில் கரும்புச் சர்க்கரைக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டிருந்தது. அக்காலத்தில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் மருந்தாளராகப் பணியாற்றிய கிர்க்காஃப் என்பவர், 1811ஆம் ஆண்டில் மாவுச்சத்தை நீர்த்த கந்தக அமிலத்துடன் சேர்த்துக் கொதிக்கவைத்தார். இனிப்பான பாகு கிடைத்தது. இதில் வியப்பு என்னவென்றால், வேலை முடிந்த பின்னும் அமிலம் சிறிதும் குறையாமல் அப்படியே இருந்தது. சில ஆண்டுகள் கழித்து அவரே இன்னொன்றையும் கண்டார். முளைவிட்ட தானியம், கொதிநிலையும் இல்லாமல் அமிலமும் இல்லாமல், வெதுவெதுப்பான நீரிலேயே அதே மாற்றத்தைச் செய்தது.

அதே காலக்கட்டத்தில் இன்னொரு கருவியும் கிடைத்தது. 1811இல் பிரான்சின் கூர்த்துவா என்பவர், வெடிமருந்துக்கான வெடியுப்பைத் தயாரிக்கும் பணியின்போது கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயோடினைக் கண்டுபிடித்தார். 1814இல் கோலேன், கோல்த்தியே தெ குலோப்ரி ஆகிய இருவரும், அயோடின் பட்டவுடன் மாவுச்சத்து கருநீலமாவதை அறிவித்தனர். இன்று நம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் கிழங்கின் மேல் பழுப்பு நிறச் சொட்டு விட்டுக் காட்டுகிறோமே, அந்தச் சோதனைக்கு வயது 200ஐத் தாண்டிவிட்டது. நீலம் இருந்தால் மாவுச்சத்து இருக்கிறது. நீலம் மறைந்தால் அது வேறொன்றாக மாறிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத மாற்றத்தைக் கண்ணால் பார்க்க வழி பிறந்தது. 1831இல் ஜெர்மனியைச் சேர்ந்த லாய்க்ஸ் என்பவர், மனிதனின் உமிழ்நீரும் மாவுச்சத்தை இனிப்பாக மாற்றுவதை எடுத்துக்காட்டினார். நம் மாணவர்கள் வாயில் செய்யும் சோதனையின் மூலம் இதுவே.

பிழையான கருத்திலிருந்து பிறந்த பெயர்

1833ஆம் ஆண்டில் பாரிசைச் சேர்ந்த ஆன்செல்ம் பையென், ஷான் பெர்சோ ஆகிய இருவரும் ஒரு படி மேலே சென்றனர். பையென் சர்க்கரை ஆலையை நடத்திய அனுபவம் உள்ளவர். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை. நம் பிள்ளைகள் அருந்தும் மைலோவிலும் இந்த மால்ட்டின் சாறு கலந்துள்ளது. இடித்த மால்ட்டை நீரில் ஊறவைத்து வடிகட்டி, வடிநீரில் சாராயத்தை ஊற்றினார்கள். வெண்மையான திப்பிகள் படிந்தன. அவற்றை உலர்த்திப் பொடியாக்கி, மீண்டும் நீரில் கரைத்து, மாவுக்கஞ்சியில் சிறிதளவு கலந்தார்கள். கெட்டியான கஞ்சி நீர்த்தது, பின்னர் இனித்தது. ஒரு பங்கு பொடி ஏறத்தாழ 2,000 பங்கு மாவுச்சத்தை மாற்ற வல்லது என்று கணக்கிட்டார்கள். ஆனால் அக்கரைசலை ஒருமுறை கொதிக்கவைத்துவிட்டால் அதன் ஆற்றல் முழுவதும் அழிந்துபோயிற்று.

உயிருள்ள விதைக்குள் நடந்துகொண்டிருந்த ஒரு வேலையை, உயிரற்ற பொடியாகப் பிரித்தெடுத்துப் புட்டியில் அடைக்க முடிந்தது. இதன் பெருமையை எவ்வளவு சொன்னாலும் தகும். அப்பொருளுக்கு அவர்கள் ‘டயஸ்டேஸ்’ என்று பெயரிட்டார்கள். கிரேக்க மொழியில் ‘பிரித்தல்’ என்பது அதன் பொருள். மாவுச்சத்து மணியின் மேலுறையை உள்ளீட்டிலிருந்து பிரித்துவிடுவதே அப்பொருளின் வேலை என்று அவர்கள் கருதியதால் வந்த பெயர் இது. அக்கருத்து சரியன்று என்பது பின்னாளில் தெரிந்தது. ஆயினும் பெயர் நிலைத்தது. அதுமட்டுமா? 1898இல் பிரெஞ்சு அறிஞர் துக்ளோ, நொதிகளின் பெயர்கள் எல்லாம் இச்சொல்லின் ஈறாகிய ‘ஏஸ்’ என்பதைக் கொண்டு முடிய வேண்டும் என்று பரிந்துரைத்தார். அமைலேஸ், லைப்பேஸ், லாக்டேஸ் என்று பாடநூல்களில் நாம் படிக்கும் பெயர்கள் எல்லாம் அந்தப் பழைய பிழையின் வாலைத் தாங்கி நிற்கின்றன.

‘நொதி’ என்னும் தமிழ்ச்சொல்லிலும் இவ்வரலாற்றின் சுவடு உண்டு. மாவு புளித்துப் பொங்குவதை நொதித்தல் என்கிறோம். அதிலிருந்து வந்ததே நொதி. 1870களின் பிற்பகுதியில் ஜெர்மானிய உடலியலறிஞர் கூன உருவாக்கிய ‘என்சைம்’ என்ற சொல்லுக்கும் ‘நொதிப்பானுக்குள் இருப்பது’ என்பதே பொருள். எங்கே இருக்கிறது என்பதை இப்பெயர்கள் சொல்கின்றன. அது என்ன என்பதைச் சொல்லவில்லை.

மேற்கின் மால்ட்டும் கிழக்கின் பூஞ்சணமும்

மாவுச்சத்தை இனிப்பாக்க ஐரோப்பியர் முளைவிட்ட தானியத்தை நம்பியிருந்த அதே வேளையில், கிழக்காசியாவும் தென்கிழக்காசியாவும் பல நூற்றாண்டுகளாக வேறொரு வழியைக் கையாண்டு வந்தன. அது பூஞ்சணத்தின் வழி. நோன்புப் பெருநாளின்போது மலாய் நண்பர்களின் இல்லங்களில் நமக்குத் தரும் தாப்பாயை எண்ணிப் பாருங்கள். வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு அல்லது புளுட் அரிசியின் மேல் ராகி என்னும் வெண்ணிற வில்லையைப் பொடித்துத் தூவி மூடி வைக்கிறார்கள். (நம் கேழ்வரகுக்கும் இதற்கும் தொடர்பில்லை; பெயர் ஒற்றுமை மட்டுமே.) இரண்டு மூன்று நாளில் கிழங்கு குழைந்து, சர்க்கரை சேர்க்காமலேயே தேன்போல் இனிக்கிறது. அந்த வில்லையில் உறங்கிக் கிடக்கும் பூஞ்சணம் விழித்து, மாவுச்சத்தை உடைக்கும் நொதியைச் சுரப்பதே காரணம். 1892ஆம் ஆண்டில் சைகோன் நகரின் பாஸ்டர் ஆய்வகத்தில் பணியாற்றிய கால்மெட், இத்தகைய சீன நொதிப்பு வில்லையிலிருந்து ஒரு பூஞ்சணத்தைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார். காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யை உருவாக்கிய இருவருள் ஒருவராகப் பிற்காலத்தில் புகழ்பெற்றவர் இவரே.

ஜப்பானில் இவ்வழிக்குக் ‘கோஜி’ என்று பெயர். 1854இல் பிறந்த ஜோக்கிச்சி தாக்காமினே, மருத்துவரின் மகன். தாய்வழியினர் அரிசி மது காய்ச்சும் தொழிலினர். ஸ்காட்லாந்தில் வேதியியல் பயின்ற அவர், 1890இல் அமெரிக்காவில் குடியேறி, மால்ட்டுக்குப் பதிலாகக் கோஜிப் பூஞ்சணத்தைக் கொண்டு தானியத்தை இனிப்பாக்கும் முறையைப் பியோரியா நகரில் நிறுவ முயன்றார். வாற்கோதுமை முளைவிட்டு மால்ட்டாக ஒரு வாரம் அளவு ஆகும். கோஜிக்கோ இரண்டு நாள் போதும். மால்ட் உற்பத்தியாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. அவருடைய தொழிற்கூடமும் தீக்கிரையானது. எனினும் அவர் ஓயவில்லை. வீணாகும் கோதுமைத் தவிட்டில் பூஞ்சணத்தை வளர்த்து, அதன் நொதியைப் பொடியாக்கி, 1894இல் காப்புரிமை பெற்றார். தம் பெயரின் முற்பகுதியைச் சேர்த்து ‘தாக்கா-டயஸ்டேஸ்’ என்று அதற்குப் பெயரிட்டார். செரிமான மருந்தாக அது உலகெங்கும் விற்பனையானது. பாட்டன் பூட்டன் காலத்துக் கைமருந்தறிவு ஆய்வகத்துக்குள் நுழைந்த தருணம் அது. இப்பொடியை மறவாதீர்கள், இக்கதையின் முடிவில் மீண்டும் வரும்.

பொருளா, ஆற்றலா?

நொதி விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால் அது என்ன பொருள்? எவருக்கும் தெரியவில்லை. உயிரணு இல்லாமல் நொதித்தல் நிகழாது என்று லூயி பாஸ்டர் உறுதியாக நம்பினார். 1897இல் எடுவார்ட் புக்னர், அரைத்துப் பிழிந்து உயிரணுவை நீக்கிய ஈஸ்ட்டுச் சாறும் சர்க்கரையை நொதிக்கச் செய்வதைக் காட்டினார். 1907இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1894இல் எமில் ஃபிஷர், நொதியும் அது வேலை செய்யும் பொருளும் பூட்டும் சாவியும் போலப் பொருந்த வேண்டும் என்று கூறியிருந்தார். நல்ல உவமை. ஆனால் பூட்டு எதனால் ஆனது?

1920களில் இவ்வினாவுக்கு விடை கூறியவர் ரிச்சர்ட் வில்ஷ்டேட்டர். பச்சையத்தை ஆராய்ந்து 1915இல் நோபல் பரிசு பெற்ற பேரறிஞர். தாம் தூய்மைப்படுத்திய நொதிக் கரைசல்களில் புரதத்தின் அடையாளமே இல்லை என்றும், எனவே நொதி புரதம் அன்று என்றும் அவர் வாதிட்டார். உண்மையில் நொதி மிகமிகச் சிறிய அளவிலேயே வேலை செய்ய வல்லது. அவ்வளவு குறைந்த புரதத்தைக் காட்ட அன்றைய சோதனைகளுக்குத் திறன் போதவில்லை. இல்லை என்பதும் தெரியவில்லை என்பதும் வெவ்வேறு என்பதை அப்பேரறிஞரே ஒருகணம் மறந்துவிட்டார்.

அவரை மறுத்தவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் சம்னர். இளமையில் வேட்டை விபத்தொன்றில் இடக்கையை இழந்தவர். அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பது கூடுதல் துயரம். வலக்கையால் எல்லாவற்றையும் புதிதாகப் பழகி, வேதியியலராகி, ஒன்பதாண்டு முயற்சிக்குப் பின் 1926இல் ஒருவகை அவரை விதையிலிருந்து யூரியேஸ் என்னும் நொதியைப் படிகமாக்கினார். படிகம் முழுவதும் புரதம். உலகம் உடனே ஏற்கவில்லை. 1930இல் நார்த்ராப் வயிற்று நொதியாகிய பெப்சினையும் படிகமாக்கிய பின்னரே ஐயம் தீரத் தொடங்கியது. இருவரும் 1946இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். டயஸ்டேஸ் என்ற பெயர் பிறந்து ஏறத்தாழ நூறாண்டுக்குப் பிறகே, நொதி ஒரு புரதம் என்ற செய்தி நிலைபெற்றது.

இதற்கிடையே டயஸ்டேஸ் என்பது ஒரே பொருள் அன்று என்பதும் தெரிந்தது. 1925இல் ரிச்சர்ட் கூன் அதனை ஆல்ஃபா, பீட்டா என்று இருவகைப்படுத்தினார். மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீண்ட மாலை. ஆல்ஃபா அமைலேஸ் மாலையை நடுவில் கண்ட இடத்தில் வெட்டுகிறது. பீட்டா அமைலேஸ் ஒரு முனையிலிருந்து தொடங்கி, இரண்டிரண்டு மணிகளாகக் கழற்றுகிறது. நம் உமிழ்நீரில் இருப்பது ஆல்ஃபா. சர்க்கரைவள்ளிக்கிழங்கில் பீட்டா மிகுதி. அக்கிழங்கை மெதுவாகச் சுட்டால் கூடுதலாக இனிப்பதற்கு, வெப்பம் ஏறும் வழியில் பீட்டா அமைலேசுக்கு வேலை செய்ய நேரம் கிடைப்பதே காரணம்.

உருவம் தெரிந்தது

இப்போது தாக்காமினேயின் பொடிக்குத் திரும்புவோம். 1951இல் அக்காபோரி என்ற ஜப்பானிய அறிஞரின் குழுவினர், அதே தாக்கா-டயஸ்டேஸ் பொடியிலிருந்து ஆல்ஃபா அமைலேசைத் தூய படிகமாகப் பிரித்தனர். 1982இல் அதன் 478 அமினோ அமிலங்களின் வரிசை முழுவதும் தெரிந்தது. 1984இல் மட்சுரா, காக்குடோ முதலிய ஆய்வாளர்கள் ஊடுகதிர்களின் உதவியால் அதன் முப்பரிமாண உருவத்தை வெளியிட்டனர்.

அவ்வுருவம் ஒரு பீப்பாயை ஒத்தது. நடுவே எட்டு இழைகள் பீப்பாயின் பலகைகளைப்போல் வட்டமாக நிற்க, அவற்றைச் சுற்றி எட்டுச் சுருள்கள் அரணாக அமைந்துள்ளன. ஒரு கால்சியம் அணு அமைப்பு குலையாமல் பிடித்துக்கொள்கிறது. கொதிக்கவைத்தால் ஆற்றல் அழிவது ஏன் என்ற 1833ஆம் ஆண்டுப் புதிருக்கும் விடை கிடைத்தது. வெப்பத்தில் இம்மடிப்பு கலைந்துவிடுகிறது. உருவம் போனால் தொழிலும் போயிற்று.

பீப்பாயின் ஒரு முனையில் ஒரு பள்ளம். மாவுச்சத்தின் சங்கிலி அதில் வந்து படிகிறது. பள்ளத்தின் அடியில் மூன்று அமினோ அமிலங்கள் காத்திருக்கின்றன. மூன்றும் அமிலத்தன்மை உடையவை. ஒன்று, மணிகளை இணைக்கும் ஆக்சிஜனுக்கு ஒரு ஹைட்ரஜனைத் தருகிறது. மற்றொன்று, அறுபடும் சங்கிலியைச் சிறுபொழுது பற்றிக்கொள்கிறது. மூன்றாவது, சங்கிலியை உரிய நிலையில் வளைத்து நிறுத்த உதவுகிறது. பின்னர் ஒரு நீர் மூலக்கூறு வந்து, பற்றியதை விடுவிக்கிறது. நொதி பழைய நிலைக்குத் திரும்பி அடுத்த வெட்டுக்கு ஆயத்தமாகிறது.

இங்கே கிர்க்காஃபை நினைத்துப் பாருங்கள். 1811இல் அவர் கந்தக அமிலத்தையும் கொதிநீரையும் கொண்டு செய்த வேலையைத்தான் நொதியும் செய்கிறது. அமிலத்தின் வேலையை, சரியான இடத்தில், சரியான கோணத்தில், உடலின் மிதமான வெப்பத்தில் செய்கிறது. அமிலம் வேலைக்குப் பின் குறையாமல் இருந்தது போலவே நொதியும் குறையாமல் இருக்கிறது. மாணவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுவே.

மரபணுக்களில் எழுதிய உணவு

பூஞ்சணம், பன்றியின் கணையம், மனிதனின் உமிழ்நீர் ஆகிய யாவற்றிலும் ஆல்ஃபா அமைலேசுக்கு இதே பீப்பாய் உருவம்தான். எல்லாம் ஒரே குடும்பம். ஆனால் மாவுச்சத்தை உடைக்கும் எல்லா நொதிகளும் உறவினர் அல்லர். பீட்டா அமைலேசும் பூஞ்சணங்களின் குளுக்கோஅமைலேசும் வேறு வேறு குடும்பத்தவை. 1991இல் ஹென்ரிசா என்னும் பிரெஞ்சு அறிஞர், அமினோ அமில வரிசையைக் கொண்டு வகுத்த குடும்பப் பட்டியல் இதைத் தெளிவாக்கியது. ஒரே தேவைக்கு உயிரினங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வழி கண்டிருக்கின்றன.

மனிதக் கதையும் சுவையானது. சிம்பன்சிக்கு உமிழ்நீர் அமைலேஸ் மரபணு இரண்டு படிகளே உள்ளன. மனிதரிலோ இவ்வெண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறுபடும். பத்துக்கு மேல் உடையோரும் உண்டு. மாவுச்சத்து மிகுதியாக உண்ணும் மக்களிடம் சராசரி கூடுதலாக இருப்பதை 2007இல் ஓர் ஆய்வு காட்டியது. 2013இல், ஓநாய்க்கு இரண்டே படியாக உள்ள கணைய அமைலேஸ் மரபணு, நாய்களில் பல மடங்காகப் பெருகியிருப்பது தெரியவந்தது. மனிதன் இட்ட உணவு நாயின் மரபணுவையே மாற்றியிருக்கிறது. 2024இல் வெளிவந்த ஆய்வுகள், மனித இனத்தில் இம்மரபணு முதன்முதலில் இரட்டித்தது 8,00,000 ஆண்டுகளுக்கு முன்பே இருக்கலாம் என்றும், ஐரோப்பாவில் கடந்த 12,000 ஆண்டுகளில் சராசரி 4இலிருந்து 7ஆக உயர்ந்தது என்றும் கூறுகின்றன.

பெற்றோர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இம்மரபணு குறைந்தோர் உடல் பருப்பர் என்று 2014இல் ஓர் ஆய்வு அறிவித்தது. அடுத்த ஆண்டே, எண்ணிக்கையை மேலும் துல்லியமாக அளந்த இன்னோர் ஆய்வு அத்தொடர்பைக் காணவில்லை என்றது. ஆகவே நாளிதழில் ஒரு தலைப்பைப் பார்த்தவுடன் பிள்ளையின் உணவை மாற்றிவிடாதீர்கள். வில்ஷ்டேட்டரே தவறினார் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

மீண்டும் வகுப்பறைக்கு

அடுத்த வாரம் மூன்று கண்ணாடிக் குவளைகளில் நீர்த்த அரிசிக்கஞ்சியை எடுத்துச் சென்றேன். ஒன்றில் சிறிது நீர் மட்டும். மற்றொன்றில் என் உமிழ்நீர். மூன்றாவதில் முன்னரே கொதிக்கவைத்து ஆறவிட்ட உமிழ்நீர். மூன்றையும் வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் நிறுத்திவைத்து, ஒவ்வொன்றிலும் அயோடின் சொட்டுவிட்டேன். முதலாவதும் மூன்றாவதும் நீலமாயின, இரண்டாவது நீலமாகவில்லை. இம்முறை நான் பலகையில் எதையும் எழுதவில்லை. “கொதிக்கவைத்ததும் எது கெட்டுப்போயிருக்கும்?” என்று மட்டும் கேட்டேன். பையெனும் பெர்சோவும் விடை தெரியாமல் விட்டுச்சென்ற கேள்வி அது.

பல விடைகள் வந்தன, பெரும்பாலும் பிழையானவை. முன்பு கேள்வி கேட்ட அந்த மாணவன், “முட்டையை அவித்தால் திரும்பப் பழையபடி ஆகாதே, அதுபோலவா ஐயா?” என்றான்.

முட்டையின் வெண்கருவும் புரதம்தான் என்பதை அவன் இன்னும் படிக்கவில்லை.

அன்புள்ள ஆசிரியர்களே, பாடத்திட்டம் நம்மை விரட்டுகிறது, தேர்வு நெருங்குகிறது, ஒரு சொல்லைத் தந்து நகர்ந்துவிடுவது எளிது. கலைச்சொற்கள் தேவையானவையே. ஆயினும் ஒரு பெயரை எழுதிப் போட்டுவிட்டுப் பாடம் முடிந்தது என்று அமர்வதற்குமுன், அப்பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு பிள்ளையாவது கேட்பதற்கு இடம் விட்டுவைப்போம். வீட்டில் பெற்றோர்களும் அவ்வாறே செய்யலாம். அதற்கு ஆய்வகம் வேண்டியதில்லை. ஒரு கவளம் வெறுஞ்சோறும் இரண்டு நிமிடப் பொறுமையும் போதும்.